மூன்றா, நான்கா

"வகுப்புல இப்படி, ஹாஸ்டல்லயும் இப்படி, சரி. தொழும்போதும் இப்படித்தானாம்மா?"

மனநலப் பிரிவின் புறநோயாளிகள் அறையில் டாக்டர் இதைக் கேட்டபோது தலை நிமிரவில்லை, எழுதிக்கொண்டே கேட்டார். அவருக்கு அது ஒரு விவரம். கவனம் ஒரே இடத்தில் மட்டும் சிதறினால் கோளாறு அந்த இடத்தில் இருக்கலாம். குறைந்தது இரண்டு சூழல்களிலாவது சிதற வேண்டும் என்பது கவனக்குறைவுக் கோளாறான ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய அவர்கள் பின்பற்றும் விதி. நான் முக்காடு போட்டிருந்ததால் தொழுகையைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்கும். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் உம்மா உட்கார்ந்திருந்தார். பத்து வயதிலிருந்து உம்மாவிடம் நான் மறைத்து வந்த ஒரே விஷயம் அதுதான்.

காயல்பட்டினத்தில் பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்வர வீடுகளுக்கு நடுவே முடுக்குகள் உண்டு. அந்த முடுக்கு வழியாக, பெண்கள் கூடித் தொழும் தைக்காவுக்கு நடந்து போய்த்தான் குர்ஆன் ஓதக் கற்றேன். சின்ன சூராக்களை மனப்பாடம் செய்யும் வரிசையில் மாஊன் வரும். 107ஆவது சூரா, ஏழே ஆயத்துகள். தொழுகையாளிகளிலேயே ஒரு கூட்டத்தாருக்குக் கேடு இருக்கிறது என்று அதில் ஓர் எச்சரிக்கை. தொழுகையில் பராமுகமாக இருப்பவர்கள் அவர்கள் என்று என் காதில் விழுந்தது. அந்தக் கூட்டத்தார் யார் என்று நான் வெளியே தேடவே இல்லை.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டுவேன். ஃபாத்திஹா பாதியில், தொழுகை விரிப்பான முஸல்லாவின் ஓரத்தில் பிரிந்து கிடக்கும் நூல் கண்ணில் படும். அந்த நூலின் பச்சை. அதே பச்சையில் மாமி கட்டியிருந்த சேலை. மாமி வீட்டு வட்டிலப்பம். அதற்கு முட்டை எத்தனை உடைப்பார்கள் என்று எண்ணத் தொடங்கும்போது, தொழுகைச் சுற்றான ரக்அத்தின் எண்ணிக்கை போய்விட்டிருக்கும். மூன்றா, நான்கா? முன்னால் குனிபவர்களைப் பார்த்துக் குனிவேன். தனியாகத் தொழுதால் பார்த்துக் குனியவும் ஆள் இல்லை.

இது ஷைத்தானின் வேலை என்று சொல்லித் தந்தார்கள். ஹதீஸிலும் அப்படித்தான் இருக்கிறது. பாங்கு சொல்லும்போது ஓடிப் போகிறவன் பிறகு திரும்பி வந்து இதை நினை, அதை நினை என்று தொழுகிறவரின் உள்ளத்தில் போட்டுக்கொண்டே இருப்பான், எத்தனை தொழுதோம் என்பதே தெரியாமல் போகும்வரை. இன்னொரு ஹதீஸில் அவனுக்கு ஒரு பெயரும் உண்டு, கின்ஸப். அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி இடப்பக்கம் மூன்று முறை துப்பச் சொல்லியிருக்கிறது. நான் செய்தேன், வருடக்கணக்காகச் செய்தேன். மற்றப் பிள்ளைகளை விட்டுப் போகிறவன் என்னை விட்டு மட்டும் போகவில்லை என்றால் நானே அவனை அழைக்கிறேன் என்றுதானே அர்த்தம்? பத்து வயதுப் பிள்ளை வேறெப்படிக் கணக்குப் போடும்?

கல்லூரிக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு தொழுகைக்கு வெளியேயும் நீண்டது. திருநெல்வேலியில் பி.எஸ்சி. கணிதம். 2023 நவம்பர் தேர்வில் மூன்று பாடங்களில் அரியர். தெரியாததால் அல்ல, ஒரு தாளில் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ஹால் டிக்கெட்டை இரண்டு முறை தொலைத்தேன். கட்டணம் கட்டும் கடைசி நாளைத் தவறவிட்டு, ஹாங்காங்கில் கடையில் நின்று சம்பாதிக்கும் வாப்பாவின் பணத்தில் அபராதம் கட்டினேன். விளக்கு அணைந்த பிறகும் ஹாஸ்டல் வராந்தாவில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அறைத்தோழி திண்டுக்கல் பக்கம், ராவுத்தர் வீட்டுப் பெண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ ஓர் இரவு அவள்தான் அழைத்து, போனை என் கையில் கொடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் தமிழில் பொறுமையாகக் கேட்டார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு போங்கள், போகும்போது சின்ன வயது ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள் என்றார். அதற்கு முன்பே ஒரு தனியார் டாக்டரிடம் போயிருந்தேன். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, ஏ.டி.எச்.டி. துறுதுறுவென்று ஓடும் பையன்களுக்கு வருவது, உனக்கில்லை என்று சத்து மாத்திரை எழுதித் தந்து அனுப்பினார். ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே காணாமல் போகும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படித்தான் கண்ணுக்குத் தப்புகிறார்கள். அந்தச் சத்து மாத்திரையை ஒரு மாதம் விழுங்கினேன்.

அரசு மருத்துவமனைக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதலில் ரத்தப் பரிசோதனை. ரத்தசோகையும் தைராய்டும் கவனத்தைக் கலைக்கும். தூக்கம் எப்படி, மனச்சோர்வு உண்டா, பதற்றம் உண்டா என்று நீளமாகக் கேட்டார்கள். அப்புறம் ஒரு தாள். பெரியவர்களுக்காக உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் உள்ள வினாப்பட்டியல், பதினெட்டுக் கேள்விகள். ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து மிக அடிக்கடி என்பதுவரை ஐந்து கட்டங்கள். முதல் ஆறு கேள்விகள்தான் சல்லடை. அதில் நான்கு தேறினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அந்தத் தாளே நோயைச் சொல்லிவிடாது என்று பயிற்சி மருத்துவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனக்குறைவின் ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில தென்பட்டிருக்க வேண்டும். நாலாம் வகுப்பு ரேங்க் கார்டில் டீச்சர் எழுதியிருந்தார்: நன்றாகப் படிப்பாள், கவனம் போதாது. சாட்சிக்கு உம்மாவை வரச் சொன்னார்கள்.

நான் அழுது முடிக்கும்வரை உம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "சின்னப் புள்ளையிலேயே இப்படித்தான் டாக்டர். ஆனா இதுல என்ன இருக்கு? நானும் இப்படித்தானே."

டாக்டர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ஏ.டி.எச்.டி. விஷயத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் மரபு வழியாக வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. இதைப் பிறகு படித்தேன். அன்று எனக்குப் பட்டது வேறு. உம்மாவும் எண்ணிக்கையைத் தொலைத்திருக்கிறார். எனக்கு முன்னால் நின்று தொழுத, நான் பார்த்துப் பார்த்துக் குனிந்த உம்மா.

நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று. அரியருக்கும் அபராதத்துக்கும் அந்தப் பெயர் பதிலாகிவிட்டது. தொழுகைக்கு ஆகவில்லை. இது நோய் என்றால் ஒன்பது வருடம் நான் பயந்த பயம் எதற்கு? இது நோய் இல்லை, என் குற்றம்தான் என்றால் மாத்திரை எதற்கு? மாத்திரை போட்டு மனம் ஒருமுகப்பட்டுத் தொழுதால், அல்லாஹ்வின் முன் நிற்பது நானா, மாத்திரையா? இந்த மூன்றாவது கேள்விக்காக மருந்துச் சீட்டைப் பன்னிரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சாதாரணக் கடைகளில் அந்த மருந்து கிடைக்கவும் கிடைக்காது. மெதில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து, சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். சீட்டை நீட்டினால் கடைக்காரர் பார்க்கும் பார்வையும் பயமாக இருந்தது.

மருத்துவமும் ஒருகாலத்தில் என் தைக்கா மொழியில்தான் பேசியது என்பதை அந்த நாள்களில் அறிந்தேன். ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத, ஆனால் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத, கவனம் நிலைக்காத பிள்ளைகளைப் பற்றி அவர் பேசினார். ஏ.டி.எச்.டி.யின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தச் சொற்பொழிவுகளைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஸ்டில் அதற்கு இட்ட பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை. அது உடம்பிலிருந்து வருகிறது என்று அவரே நினைத்தார், ஆனாலும் கையில் கிடைத்த சொல் ஒழுக்கம்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவனத்தைப் பற்றிப் பேச எல்லா மொழியிலும் முதலில் கிடைப்பது பழிச்சொல்தான். தமிழில் அக்கறை இல்லை என்பதும் கவனம் இல்லை என்பதும் வீட்டுப் பேச்சில் ஒன்றுதான். எனக்கு அக்கறை இருந்தது, கவனம் இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் கிடைத்திருந்தால் பத்து வயதில் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

வாப்பாவின் அலமாரியில் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா, தமிழ் மொழிபெயர்ப்பு, இருந்தது. விடுமுறையில் தொழுகையின் அந்தரங்கம் பற்றிய பகுதியைத் தேடிப் படித்தேன். அதில் ஓர் உவமை. ஒருவர் மரத்தடியில் அமைதியாகச் சிந்திக்க உட்காருகிறார். குருவிகளின் இரைச்சல். கோலை எடுத்து விரட்டுகிறார், மீண்டும் உட்காருகிறார், குருவிகள் மீண்டும் வருகின்றன. விடுதலை வேண்டுமானால் மரத்தை வெட்டு என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. மரம் என்பது ஆசைகள், உலகப் பற்று. அது வேரூன்றிக் கிளைவிட்டால் எண்ணங்கள் குருவிகளாக வந்து அடையும்.

ஒன்பது நூற்றாண்டுகளாக எத்தனையோ பேருக்கு வழிகாட்டிய உவமை இது. எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் விரட்டாத குருவியா? ஆனால் பத்து வயதில் எனக்கு என்ன உலகப் பற்று இருந்திருக்கும்? மாமியின் சேலை மேல் எனக்கு ஆசை இல்லை, வட்டிலப்பம் மேல்கூட இல்லை. என்னிடம் வந்த குருவிகள் ஆசையின் குருவிகள் அல்ல, வெறும் குருவிகள். அவை அடையும் மரம் என் தலையே என்றால் எதை வெட்டுவது? இமாமிடம் மரியாதையோடு நான் கேட்க விரும்பிய கேள்வி இது. அதே பகுதியில் இன்னோர் இடத்தில் அவரே வேறொரு குரலில் பேசுகிறார். தொழுகை முழுவதும் உள்ளம் பிரசன்னமாக இருப்பதை எல்லாருக்கும் நிபந்தனையாக்க முடியாது, மிகச் சிலரைத் தவிர மற்றவர்களால் அது ஆகாது, அதனால்தான் தொடக்கத் தக்பீரின் அந்த ஒரு கணத்திலாவது உள்ளம் இருக்கட்டும் என்று சட்ட அறிஞர்கள் விட்டார்கள் என்கிறார். மரத்தை வெட்டச் சொன்னவரும் அந்த ஒரு கணத்தைப் போதும் என்று ஏற்கிறார். இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன.

என் கட்டை அவிழ்த்தது ஒரு வேற்றுமை உருபு. தைக்காவில் எனக்கு ஓதிக்கொடுத்தவரின் மகள் இப்போது ஆலிமா. நான் லாத்தா என்று கூப்பிடுவேன். மாஊன் சூராவைச் சொல்லி அழுதபோது லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அங்கே என்ன சொல் வருகிறது பார்த்தாயா என்று. 'ஃபீ' என்று வந்திருந்தால் தொழுகைக்குள் மறப்பவர்கள் என்று ஆகும். வந்திருப்பது 'அன்'. தொழுகையையே விட்டு மறந்திருப்பவர்கள், நேரத்தைப் போக்கடிப்பவர்கள், அதைப் பொருட்படுத்தாதவர்கள். 'ஃபீ' என்று சொல்லாமல் விட்டதற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்த ஆரம்பகால விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள் என்றார் லாத்தா. தமிழில் சொல்லிப் பார்த்தேன். தொழுகையில் மறப்பது, தொழுகையை மறப்பது. ஏழாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் நடுவே என் பிள்ளைப்பருவம் முழுவதும் கிடந்தது.

பிறகு லாத்தா, நான் தினமும் செய்துகொண்டே இருந்தும் யோசித்திராத ஒன்றைக் காட்டினார். மறதிக்கென்றே ஒரு சஜ்தா இருக்கிறதே, ஸஹ்வு சஜ்தா, அது எதற்கு வந்தது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டோடு முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் என்று அழைக்கப்பட்ட தோழர், தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, தாங்கள் மறந்தீர்களா என்று கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, விட்டதைத் தொழுது, இரண்டு சஜ்தா செய்தார்கள். மறதி தொழுகைக்கு வெளியே நிற்கும் எதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குத் தொழுகைக்கு உள்ளேயே இடம் ஒதுக்கி, என்ன செய்ய வேண்டும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது.

எங்கள் கடற்கரை ஊர்களில் பின்பற்றும் சட்டப்பள்ளி ஷாஃபி மத்ஹப். எத்தனை என்ற ஐயம் வந்தால் குறைந்த எண்ணை எடு, உறுதியானது அதுதான். மிச்சத்தை முடித்து, ஸலாமுக்கு முன் இரண்டு சஜ்தா. அறைத்தோழி ஹனஃபி, அவள் வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்த பிறகு செய்வாள். அந்த வித்தியாசத்தை ஹாஸ்டலில் பேசப்போய்த்தான் அவர்கள் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு தெரிந்தது. எப்போதோ ஒருமுறை ஐயம் வருகிறவர் தொழுகையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். அடிக்கடி ஐயம் வருகிறவர் அப்படித் தொடங்க வேண்டியதில்லை. மனம் எந்தப் பக்கம் அதிகம் சாய்கிறதோ அதை எடுத்துத் தொடரலாம், எதற்கும் சாயாவிட்டால் குறைந்த எண்.

அடிக்கடி ஐயம் வருகிறவர். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சட்ட அறிஞர்கள் என்னைப் போன்ற ஓர் ஆளை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். தினம் ஐந்து வேளையும் தொடக்கத்திலிருந்தே தொழவைத்தால் அந்த ஆள் என்ன ஆவாள் என்று யோசித்திருக்கிறார்கள். அவள் ஏன் இப்படி என்று கேட்கவில்லை. ஈமான் குறைவா என்று சோதிக்கவில்லை. அவளுக்குத் தனி விதி எழுதினார்கள். ஆனால் நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது, அதில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு நான் எழுதிய கடிதம் அதைக் காட்டித்தான் திரும்பி வந்தது. திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஃபிக்ஹுச் சட்டப் பிரிவை நினைத்தபோது தொண்டை அடைத்தது.

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு மாத்திரையை வாங்கினேன். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள், குறைந்த அளவில், காலையில். நான்காம் நாள் லுஹர். பேரின்பம் வரும், கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. ஒன்றுக்குப் பின் இரண்டு வந்தது, இரண்டுக்குப் பின் மூன்று வந்தது, மூன்றுக்குப் பின் நான்கு. அவ்வளவுதான். முஸல்லாவின் நூல் நூலாகவே கிடந்தது. ஸலாம் கொடுத்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறருக்குத் தொழுகை இப்படித்தான் இருக்கிறதா, இத்தனை சாதாரணமாகவா என்ற எண்ணம் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள், அதே மாத்திரையின் வெளிச்சத்தில் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றில் மூழ்கி, அஸர் வேளை முழுவதையும் தவறவிட்டேன். நானா, மாத்திரையா என்ற அந்த மூன்றாவது கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அந்தத் தவறிய அஸர். கவனமே வணக்கமாக இருந்தால் அன்று நான் பெரிய வணக்கசாலி. மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் தடுப்பதுதான் அந்த மருந்து செய்யும் வேலை. எதன் முன் நிற்பது என்பதை அது தீர்மானிக்காது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தண்ணீர் எனக்காகத் தொழுவதில்லை. தண்ணீர் இருக்கும்போது அதைத் தொடாமல் தொழுகைக்கு நிற்பதும் சரியில்லை. எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்காமல் விட்டதில்லை, மருத்துவம் செய்யுங்கள் என்ற ஹதீஸை ஜுரத்துக்கும் சர்க்கரைக்கும் தாராளமாகச் சொல்கிறோம். தலைக்குள் இருக்கும் நோய்க்கு வரும்போது மட்டும் நாக்கு தயங்குகிறது.

2024 ரமலான் மார்ச் 12இல் பிறந்தது. அடுத்த மாதம் தேர்வு. நோயாளி வேறு நாள்களில் நோன்பை ஈடுசெய்யலாம் என்ற சலுகை எனக்கு உண்டா என்று லாத்தாவிடம் கேட்டேன். நோய் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும், தாங்குமா என்பதை நீ சொல், அப்புறம் நான் சொல்கிறேன் என்றார். டாக்டர், விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் முடிந்ததும் போடும்படி நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றினார். முதல் வாரமே வந்து நாடியைக் காட்டச் சொன்னார். பசியை அமுக்கும் மருந்து என்பதால் ஸஹரில் வயிறார உண்ணச் சொன்னார். தலை சுற்றினால் வீம்பு பிடிக்காமல் நோன்பை விட்டுவிடு என்றார். ஒரு நாள் படபடத்தது, விட்டேன். ஷவ்வாலில் அதைக் களாவாக ஈடுசெய்தேன். இரண்டு அரியர் அந்தத் தேர்விலேயே போயின.

மாத்திரை எதுவானாலும் மாலைக்குள் அதன் வேலை முடிந்துவிடும். அதனால் லுஹரும் அஸரும் ஒருவிதம், இஷாவும் சுபுஹும் வேறு விதம். எது என் தொழுகை? முன்பெல்லாம் பகல் தொழுகைதான் சரியானது, இரவுத் தொழுகை உடைந்தது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தரம் பிரிக்க முடியவில்லை. பகலில் நான்கும் நான்காகவே வருகின்றன. இரவில் நாலைந்து தடவை தொலைந்து, நாலைந்து தடவை திரும்பி வருகிறேன். யார் முன் நிற்கிறேன் என்பது அந்தத் திரும்பி வரும் கணத்தில்தான் எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. பகலில் அந்தக் கணம் வாய்ப்பதில்லை. அதற்காக மாத்திரையை விட மாட்டேன்; அந்தக் கணத்தையும் இழக்க மாட்டேன்.

போன விடுமுறையில் ஒரு நாள் இஷாவுக்கு மின்சாரம் இல்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் உம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகத் தொழுதோம். உம்மாவை டாக்டரிடம் காட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இந்த வயசில் எதற்கு என்கிறார், ஆனால் இப்போதெல்லாம் மறுப்பு அவ்வளவு உறுதியாக வருவதில்லை. நான் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது உம்மா ஸலாம் கொடுக்காமல் இருப்பில் இருந்தார். அவருடைய வலக்கை முழங்காலின் மேல் விரலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தது. மூன்றா நான்கா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த விரல்களை நான் அறிவேன். சொல்லலாம் என்றால் உம்மா எத்தனை தொழுதார் என்று நானும் எண்ணியிருக்கவில்லை.

விரல்கள் நின்றன. முழங்காலில் கையூன்றி, மெல்ல, இன்னொரு ரக்அத்துக்கு உம்மா எழுந்து நின்றார்.